தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டி மேற்கே திரும்பியதும், இடப்பக்க ஜன்னல்களில் வடசென்னையின் புளியந்தோப்பு வருகிறது. வருகிறது என்றால், அதன் முதுகு வருகிறது. மொட்டை மாடிகள், கொடியில் காயும் துணிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், ரயில்வே சுவரை ஒட்டி எழுந்த தகரக் கூரைகள். பெங்களூருக்கும் கோவைக்கும் மும்பைக்கும் போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரை இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்: ஓரிரு நிமிடம், ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, வீடுகளின் பின்பக்கமாக.

அந்தப் பார்வையைத் திருப்பிப்போட ஒரு கலை இருக்கிறது. மாடல் ரயில் கட்டுகிறவர்கள் தண்டவாளத்தோடு சேர்த்துத் தெருவையும் சிறு அளவில் கட்டுகிறார்கள். அங்கே பார்ப்பவர் நிற்கும் இடம் ரயிலின் ஜன்னல் அல்ல, தெரு. வீட்டு வாசல்கள் அவரை நோக்கியிருக்கும். டீக்கடைக்கும் குழாயடிக்கும் அப்பால், இரண்டு மாடிகளுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் ரயில் தலைகாட்டிவிட்டுப் போகும். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் ரயிலைப் பார்ப்பது இப்படித்தான்.

இந்தக் கலைக்கு இவ்வளவு வாகான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையே இந்த வட்டாரத்தில்தான் பிறந்தது. ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது 1856 ஜூன் 28 அன்று. ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின. பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்ததும் அதே 1856-ல்தான். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் எழுந்தன. 1920-ல் இரண்டும் இணைந்து பி அண்ட் சி மில் ஆயின. மில்லுக்கும் பணிமனைக்கும் வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய தெருக்கள்தான் புளியந்தோப்பு, பட்டாளம், சூளை, வியாசர்பாடி. 1918 ஏப்ரல் 27 அன்று இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். 1921-ல் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தபோது சாதிப் பகை மூண்டு புளியந்தோப்பின் குடிசைகள் எரிந்தன. இன்று வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையம் தாங்கியிருப்பது பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பெயர்.

இத்தனை வரலாறும் நடந்தது எஞ்சினுக்குள் இல்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், தெருவில் நடந்தது.

கடையில் விற்காத வீடுகள்

மாடல் ரயில் என்றதும் எல்லோர் கண்ணும் எஞ்சின்மேல் போகும். ஆனால் எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம். தண்டவாளமும் பெட்டியும் மின்சாரக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கலாம். ஐரோப்பியத் தெருவைக்கூட வாங்கலாம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1946-ல் தொடங்கிய ஃபாலர் நிறுவனம், ஒட்டிச் சேர்க்கும் வீடுகளையும் கடைகளையும் தேவாலயங்களையும் பெட்டியில் போட்டு விற்கிறது. 1949-ல் தொடங்கிய பிரைசர் நிறுவனம் விரல்நுனி உயர மனிதர்களை விற்கிறது. தபால்காரர், கொத்தனார், குடை பிடித்த கிழவி எல்லோரும் உண்டு.

அந்த வீடுகளை வைத்துப் புளியந்தோப்பைக் கட்ட முடியாது. அவற்றின் கூரைகள் பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகச் சரிந்தவை. இங்கே வீட்டுக்குத் தலை மொட்டை மாடி. மேசைமேல் இருக்கும் மாடலை ஒருவர் எட்டிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவதும் கூரைதான். ஐரோப்பியத் தெருவில் அங்கே ஓடுகளைத் தவிர வேறொன்றும் இருக்காது. வடசென்னையில் மாடி ஒரு தனி ஊர். வடாம் காயும். பிள்ளைகள் படிப்பார்கள். கோடையில் குடும்பமே பாய் விரித்துப் படுக்கும். பந்தயப் புறா வளர்ப்பவரின் மரக்கூண்டும் அங்கேதான். தெருவில் நாலு காட்சி வைத்தால் மாடியில் மூன்று காட்சியாவது வைக்க வேண்டும். இப்படி ஒரு வீட்டை எந்தக் கடையும் விற்பதில்லை. அட்டையை வெட்டி நாமேதான் கட்டியாக வேண்டும்.

இந்தியாவில் மாடல் ரயிலுக்கென்று பேர் பெற்ற இடம் புனே. பி.எஸ். ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தும் செய்தும் உருவாக்கிய ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. நீராவி வண்டி, அதிவேக வண்டி, பல்சக்கர மலை ரயில், சர்க்கஸ் கூடாரம், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திரையரங்கு என்று ஒரு கற்பனை நகரமே அங்கே விளக்கொளியில் இயங்குகிறது. சென்னையில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி 2002-ல் வந்த ரயில் அருங்காட்சியகம் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஒரு வீடு கிடைத்துவிட்டது. அவற்றைச் செய்த தொழிலாளி குடியிருந்த தெருவைத்தான் இனி யாராவது கட்ட வேண்டும்.

ஓர் அடியில் நூறு அடி

முதல் கேள்வி அளவு. உலகில் அதிகம் புழங்குவது எச்.ஓ. என்கிற 1:87 அளவு. அதன் தண்டவாளத்தில் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கினால் சரியாக அது வரும். நம் அகலப் பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வருகிறது. ஆகவே இந்தியப் பெட்டியை 1:87-ல் செய்து எச்.ஓ. தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய உடம்பு ஒடுங்கிய காலில் நிற்பதுபோலத் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல வழி 1:100. அந்த அளவில் 16.5 மி.மீ. தண்டவாளம் 1,650 மி.மீ. பாதையைக் குறிக்கும். உண்மையான அளவுக்கும் இதற்கும் 26 மி.மீ.தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. கட்டட வரைபடக்காரர்களுக்கு அன்றாடம் பழகிய அளவும் இதுதான். கட்டடக்கலை மாணவர்கள் மாடலுக்கு வாங்கும் மனித உருவங்களும் மரங்களும் இந்த அளவில் கிடைக்கும். கணக்கும் சுலபம். ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் ஆகிறது. நூறு அடித் தெரு ஓர் அடிப் பலகையில் அடங்குகிறது.

பத்தடி வாசல் கொண்ட வீடு 3 செ.மீ. அகலம். ஏழடிக் கதவு 21 மி.மீ. ஐந்தரை அடி மனிதர் 17 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆட்டோ இரண்டரை செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர்; மாடலில் 21.3 செ.மீ. ரயிலுக்கு மின்சாரம் தரும் கம்பி தண்டவாளத்துக்கு மேலே சுமார் ஐந்தரை மீட்டரில் ஓடுகிறது. மாடலில் ஐந்தரை செ.மீ.

ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. 1:100-ல் இந்திய ரயில்கள் ஆயத்தமாகக் கிடைக்காது. வாங்கிய எச்.ஓ. சக்கரச் சட்டத்தின்மேல் அட்டையால் செய்த பெட்டியை ஏற்ற வேண்டும். தெரு முழுவதையும் அட்டையில் கட்டத் துணிந்தவருக்கு அது பெரிய பாரம் ஆகாது.

அளவைக் குறைத்தாலும் ஊர் பெரியது. ஒரு கிலோமீட்டர் பாதையை அப்படியே செய்தால் பத்து மீட்டர் நீளம் வரும். எந்த வீட்டுக் கூடத்திலும் அடங்காது. எனவே எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தாக வேண்டும். இங்கிலாந்தின் சி.ஜே. ஃப்ரீசர் 1957-ல் வெளியிட்ட 'மைனரீஸ்' திட்டம் இதில் புகழ்பெற்ற பாடம்: ஒரு நகரத்தின் கடைசி ரயில் நிலையத்தை ஏறக்குறைய ஏழடி நீளம், ஓரடி அகலத்துக்குள் இயங்க வைத்தார். சுற்றிலும் நகரத்தின் உயர்ந்த சுவர்கள். சுவருக்குப் பின்னால் ஊர் இருக்கிறது என்று பார்ப்பவர் மனம் தானே நிரப்பிக்கொள்ளும். புளியந்தோப்பில் ரயில்வே காம்பவுண்டுச் சுவர் அந்த வேலையைச் செய்யும். சுவருக்கு அப்பால் கட்டடங்களை முழுதாகக் கட்ட வேண்டியதில்லை. ஒரு செ.மீ. ஆழமுள்ள முகப்பை மட்டும் பின்னணியோடு ஒட்டிவிட்டால் போதும்.

பலகையை மேசை உயரத்தில் வைப்பதும் தவறு. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்தால்தான் பார்ப்பவர் மாடியையும் காண்பார், தெருவுக்குள்ளும் நுழைவார்.

ஊரைக் காப்பாற்றிய அட்டை

சிறு அளவில் ஒரு வட்டாரத்தைக் கட்டுவதை ஆவணமாக்கியவர் ராய் இங்லண்ட். ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925-ல் இங்கிலாந்துக்கு வந்த இளைஞர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு என்ற பகுதியில், பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக இடிவதையும் உருமாறுவதையும் பார்த்தார். தடுக்கும் சக்தி அவரிடம் இல்லை. அளவெடுக்கும் பொறுமை இருந்தது. உண்மையான வீடுகளைப் படம் எடுத்து, அளந்து, அட்டையில் 1:76 அளவில் கட்டி, நீர்வண்ணம் தீட்டினார். 1954-ல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் அவர் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகம் அவர் காலத்துக்குப் பின்னும் தன்னார்வலர்களின் கைகளில் வளர்கிறது. 1920, 30களின் கிராமங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. தோட்டத்தில் விளையும் முட்டைக்கோஸ்கூடப் பொதுவான முட்டைக்கோஸ் அல்ல, வீடும் பொதுவான வீடு அல்ல. இன்ன ஊரின் இன்ன வீடு.

அமெரிக்காவில் ஜான் ஆலன் வேறொரு வழியைக் காட்டினார். கலிஃபோர்னியாவின் மான்டெரியில் அவர் கட்டிய ரயில் உலகில் எல்லாம் அழுக்கேறி, துருப்பிடித்து, பயன்பட்டுத் தேய்ந்திருந்தது. 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்த மாடல் தீயில் அழிந்தது. பிறகு ஜார்ஜ் செல்லியோஸ், மாசசூசெட்ஸின் பீபடியில், 1930களின் பொருளாதார மந்தக் காலத்து நகரத் தெருக்களைக் கட்டினார். சுவர் விளம்பரம், உடைந்த மரப்படி, மாடிக்கு மாடி துணிக்கொடி. ஏழைத் தெருவும் இவ்வளவு நுணுக்கத்துக்குத் தகுதியானது என்று அவருடைய கை சொன்னது.

ஹாம்பர்க் நகரின் மினியேச்சர் வுண்டர்லாண்ட், 2001 ஆகஸ்டில் திறந்தது முதல் கோடிக்கணக்கானவர்களை ஈர்த்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய மாடல் ரயில் அதுதான். ஆனால் புளியந்தோப்புக்கு நெருங்கிய சொந்தம் ரியோ டி ஜெனீரோவில் இருக்கிறது. அங்கே மலைச்சரிவில் அமைந்த பெரெய்ரான் என்ற குடிசைப் பகுதியில், 1990களின் கடைசியில் ஒரு சிறுவன் செங்கல் துண்டுகளைக் கொண்டு தன் பகுதியையே சிறிதாகக் கட்ட ஆரம்பித்தான். நண்பர்கள் சேர்ந்தார்கள். வர்ணம் தீட்டிய செங்கற்கள் வீடுகளாயின. சந்துகள், படிகள், கடைகள் வந்தன. விளையாட்டுப் பொம்மைகள் குடியிருப்பவர்கள் ஆயின. மொரின்யோ என்று பெயர் பெற்ற அந்த மாடல் சில நூறு சதுர மீட்டருக்கு வளர்ந்தது. 2007-ல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்கு அழைக்கப்பட்டு அங்கேயும் கட்டப்பட்டது. செய்திகளில் துப்பாக்கிச் சத்தத்தோடு மட்டும் காட்டப்பட்ட ஓர் இடத்தை, அங்கே வாழ்ந்த பிள்ளைகள் தங்கள் கையால் தங்கள் கதைகளோடு உலகத்துக்குக் காட்டினார்கள்.

வடசென்னைக்கும் அதே தேவை இருக்கிறது. பின்னி மில் என்றும் அழைக்கப்படும் பி அண்ட் சி மில் மூடப்பட்ட பின், அதன் வளாகம் பல ஆண்டுகள் தமிழ் சினிமாவின் படப்பிடிப்புத் தளமாக இருந்தது. அங்கே முழு அளவில் போலித் தெருக்கள் எழுந்து, சண்டைக் காட்சி முடிந்ததும் பிரிக்கப்பட்டன. அரிவாளோடு ஓடும் உருவங்களுக்குப் பின்னணியாகவே இந்தத் தெருக்களைப் பார்த்துப் பழகிவிட்டது தமிழ்நாடு. மாடலில் அந்த உருவம் வேண்டாம். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்கும் பெண்ணும், மூன்று மணி வெயிலில் கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் இளைஞர்களும், பிரியாணி அண்டாவின் வாயில் சிவப்புத் துணி கட்டிக் காத்திருக்கும் கடைக்காரரும் போதும். தெருவின் பெரும்பாலான நேரம் அப்படித்தான் கழிகிறது.

எந்த ஆண்டு?

மாடல் தெருவுக்கு இடம் எவ்வளவு முக்கியமோ, காலமும் அவ்வளவு முக்கியம். ஆண்டைக் குறிக்காமல் கட்டினால் கைபேசிக் கோபுரத்துக்குக் கீழே நீராவி எஞ்சின் வந்து நிற்கும்.

புளியந்தோப்புக்கு 1996-ஐத் தேர்ந்தெடுக்கலாம். அந்த ஆண்டுதான் மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது. கடைப் பலகைகளில் இரண்டு பெயரும் கலந்திருந்தன. அந்த ஆண்டுதான் பி அண்ட் சி மில்லும் மூடப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் முடிந்திருந்தது. சுவர்களில் உதயசூரியனும் த.மா.கா.வின் சைக்கிளும் வெளுக்கத் தொடங்கியிருக்கும். போஸ்டர்களில் இந்தியன், காதல் கோட்டை. தெரு முனையில் மஞ்சள் பலகையோடு எஸ்.டி.டி. பூத். ரயில் பெட்டிகள் பெரும்பாலும் அரக்குச் சிவப்பு. நீல நிறம் ஊரெங்கும் பரவியது அதற்குப் பிறகு. பெட்டியின் உருவம் பழைய ஐ.சி.எஃப். வடிவம். அந்த வகைப் பெட்டிகளின் தயாரிப்பை ஐ.சி.எஃப். 2018 ஜனவரியில் நிறுத்தியது. வருங்காலப் பார்வையாளருக்கு அந்தப் பெட்டியும் ஒரு வரலாற்றுப் பொருள்தான்.

தெருவில் நிற்பவை: மீன்பாடி வண்டி, அம்பாசிடர், கறுப்பு மஞ்சள் ஆட்டோ, திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்டு புல்லட். கார்ப்பரேஷன் அடிபம்புக்கு முன்னால் நீலம், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. அந்த வரிசை ஒன்றே பார்ப்பவருக்கு இது சென்னை என்று சொல்லிவிடும். ஒரு குடம் 1:100-ல் 4 மி.மீ. உயரம் இருக்கும். கடுகைவிடப் பெரியது, கொத்தமல்லி விதைக்கு உறவு.

இந்தத் தகவல்கள் எல்லாம் நூலகத்தில் கிடைத்துவிடாது. பாதி, குடும்பப் படங்களில் இருக்கும். கல்யாண ஊர்வலத்தை எடுத்த படத்தின் ஓரத்தில் அன்றைய கடைப் பலகை விழுந்திருக்கும். மீதி, தெருவில் வாழ்ந்தவர்களின் வாயில் இருக்கிறது. மில் சங்கு ஊதும்போது எந்தச் சந்து வழியாகக் கூட்டம் போகும், எந்தத் திண்ணையில் சீட்டுப் பிடித்தவர் உட்கார்ந்திருப்பார், ஆட்டுத்தொட்டி என்கிற அறுவைக்கூடத்துக்குப் போகும் ஆடுகள் எந்த மூலையில் திரும்பும் என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும். கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் சென்னையில் ஏராளம். அவர்களுடைய பழைய தெருவை இனி நேரில் போய் அளக்க முடியாது. அவர்கள் சொல்லச் சொல்லக் கட்டலாம்.

அளவெடுப்பு

இன்றும் நிற்கும் வீடுகளை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பூசாத சுவராக இருந்தால் செங்கல் வரிகளை எண்ணினால் போதும். கலவையோடு சேர்த்து ஒரு வரி ஏறக்குறைய மூன்றேகால் அங்குலம். 37 வரி இருந்தால் பத்தடி உயரம். பூசிய சுவராக இருந்தால் கதவை அளவுகோலாக்கலாம். ஏழடிக் கதவு படத்தில் எத்தனை மி.மீ. என்று பார்த்து, மற்றதை அந்த விகிதத்தில் கணக்கிடலாம். படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். எதற்கு என்று சொன்னால் உள்ளே அழைத்து மாடிக்கும் கூட்டிப்போவார்கள்.

தண்டவாளத்தில் இறங்கி அளப்பது மட்டும் கூடாது. அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அதற்குத் தேவையும் இல்லை. பாதை அகலம், பெட்டி நீளம், நடைமேடை உயரம் எல்லாம் அச்சில் இருக்கும் அளவுகள்.

கணேசபுரம் சுரங்கப்பாதையை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். புளியந்தோப்புப் பக்கமிருந்து வியாசர்பாடிப் பக்கம் போகும் சாலை அங்கே ரயிலுக்குக் கீழே இறங்கி ஏறுகிறது. மாடல் கட்டுகிறவருக்கு இது அரிய வாய்ப்பு. தட்டையான பலகையில் மூன்று மட்டங்கள் வந்துவிடும்: கீழே பள்ளத்துச் சாலை, நடுவில் தெரு, மேலே ரயில். பெருமழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிடும் என்பதும் ஊரறிந்தது. டீ நிறச் சாயம் கலந்த எபாக்ஸியை மெல்லிய அடுக்குகளாக ஊற்றினால் அந்தத் தண்ணீரும் கிடைக்கும். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் குமிழி விடும்.

போல்ட்டும் டீத்தூளும்

பொருட்கள் எல்லாம் வடசென்னைக்குள்ளும் அதன் வாசலிலும் கிடைக்கும். அட்டைக்குப் பாரிமுனையின் ஆண்டர்சன் தெரு. விளக்குக்கும் ஒயருக்கும் ரிச்சி தெரு. திருவொற்றியூரின் விம்கோ ஆலையால் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த தீக்குச்சி, ஜன்னல் சட்டமாகவும் மர ஏணியாகவும் மாறும்.

சுவருக்கு ஒன்றரை மி.மீ. மவுண்ட் போர்டு. அதன்மேல் பட்டியை மெல்லப் பூசி, உலர்ந்ததும் நைசான உப்புத்தாளால் தேய்த்தால் சுண்ணாம்புப் பூச்சு கிடைக்கும். 1:100-ல் ஒரு செங்கல் வரி ஒரு மி.மீ.கூட இல்லை. அதைச் செதுக்கப் போனால் சுவர் கரடாகும். பென்சிலால் மெலிதாகக் கோடு இழுப்பதே அழகு. பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் நாலு வரி காட்டினால் மீதிச் சுவரும் செங்கல் என்று கண் நம்பிவிடும்.

கூரைக்குத் தொழிற்பேட்டையின் கருவியே உதவுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 146 மி.மீ. இருக்கும். மாடலில் ஒன்றரை மி.மீ. 10 எம்.எம். போல்ட்டின் மரை இடைவெளியும் ஒன்றரை மி.மீ. தான். ஈரமாக்கிய தாளை அந்த போல்ட்டின்மேல் அழுத்தி உருட்டினால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தயார். தகர ஷீட்டின் நெளிவு இன்னும் நெருக்கம், 76 மி.மீ. அதற்கு 0.8 மி.மீ. மரை உள்ள 5 எம்.எம். போல்ட் பொருந்தும், தாளுக்குப் பதில் மாத்திரை அட்டையின் பின்தாள். துருவுக்குச் செங்காவி நிறத்தை நீரில் கரைத்து, மழைநீர் ஓடும் திசையில், மேலிருந்து கீழாக மட்டும் இழுக்க வேண்டும். அழுக்கும் துருவும் தண்ணீர் வழிந்த வழியில்தான் படியும். குறுக்கே இழுத்தால் கண் உடனே பொய்யைப் பிடித்துவிடும்.

வடிகட்டிய டீத்தூளைக் கழுவி வெயிலில் காயவைத்தால் தெருவோர மண் ஆகும். கரி படிந்த ஜல்லிக்குச் சலித்த ஆற்று மணல், மேலே நீர்த்த பழுப்புச் சாயம். சாலைக்கு நைசான உப்புத்தாள். அதன் கறுப்பு, பல ஆண்டு வெயிலில் வெளுத்த தாருக்கு அதிகம். சாம்பல் நிறம் பூசித் தணிக்க வேண்டும்.

விளக்கு போட்டால்தான் தெருவுக்கு உயிர் வரும். 1996-ல் தெருவிளக்கு சோடியம் ஆவி. ஆரஞ்சு கலந்த மஞ்சள். வீட்டுக்குள் ட்யூப்லைட், வெள்ளை. இந்த இரண்டு நிறமும் வாசலில் சந்திக்கும் இடம்தான் சென்னை இரவு. 12 வோல்ட் அடாப்டரில் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால், வெளிச்சம் கண்ணைக் குத்தாது, விளக்கும் நீடிக்கும்.

மனிதர்களை வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஓடுகிற, குதிக்கிற உருவத்தை வைத்தால் அது எத்தனை நேரமானாலும் அந்தரத்தில் நிற்கும், பார்ப்பவருக்குச் சலிக்கும். நிற்பவர், குந்தியிருப்பவர், சாய்ந்திருப்பவர், வரிசையில் காத்திருப்பவர் எப்போதும் இயல்பாக இருப்பார்கள். ஓர் அடிப் பலகைக்கு ஒரு கூட்டம் போதும். மீதி இடத்தில் தனியாக ஒருவர், ஒரு நாய், சாத்திய கதவு.

கொலுவிலிருந்து தொடங்கலாம்

தமிழ் வீடுகளுக்கு இந்தக் கலை புதிதல்ல. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க் கட்டும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு. கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டுப் புல்வெளி, கண்ணாடியை மண்ணில் பதித்துக் குளம், செட்டியார் கடை, கல்யாண செட், கிராம செட். பல வீட்டுப் பார்க்குகளில் பொம்மை ரயிலும் ஓடும். புளியந்தோப்புக்குப் பக்கத்திலேயே, புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில், மண்ணையும் காகிதக் கூழையும் பிசைந்து உருவம் செய்யும் கைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. கொலுவில் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. மாடல் தெருவில் அந்த விதி உண்டு. கற்றுக்கொள்ள வேண்டிய புதிய பாடம் அந்த ஒன்றுதான்.

தனி ஆளாக ஒரு தெருவைக் கட்டி முடிக்கப் பொறுமை நிறைய வேண்டும். கூட்டாகச் செய்ய வழி இருக்கிறது. 1970களில் கலிஃபோர்னியாவில் தோன்றிய என்-ட்ராக் என்ற ஏற்பாட்டில், ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பலகையைக் கட்டுவார்கள். எல்லாப் பலகையிலும் தண்டவாளம் ஒரே உயரத்தில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் முடியும். ஒன்றுகூடும் நாளில் பலகைகளை வரிசையாகக் கோத்தால் நீண்ட பாதை ஓடும். ஐரோப்பாவில் 1980களிலிருந்து ஃப்ரெமோ குழுக்கள் பெரிய மண்டபங்களில் இதைச் செய்து வருகின்றன.

வடசென்னைப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடைப்பது கடினம். கணிதம், வரலாறு, மின்சுற்று, ஓவியம், பாட்டியிடம் பேட்டி எல்லாம் ஒரே பலகையில் வந்துவிடுகின்றன. ஒரு பள்ளி புளியந்தோப்பைக் கட்டட்டும். இன்னொன்று கொருக்குப்பேட்டையின் சரக்கு யார்டை எடுத்துக்கொள்ளட்டும். தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஆளுக்கு ஒன்று. ராயபுரத்துக்கு அதன் தூண்கள் வரிசையிட்ட பழைய முகப்பே பலகையை நிறைத்துவிடும்.

ஒப்புக்கொள்ள வேண்டியவை நான்கே நான்கு: அளவு 1:100; பலகை இரண்டடி நீளம், ஓரடி அகலம்; தண்டவாளம் பின் ஓரத்திலிருந்து 8 செ.மீ. உள்ளே; தரையிலிருந்து பலகையின் உயரம் நாலடி. முன்பக்கம் மிஞ்சும் 22 செ.மீ. முழுவதும் தெருவுக்கு. அதில் முதலில் வெட்டவேண்டிய அட்டை, கட்டுகிற பிள்ளையின் சொந்த வீட்டு வாசல்.